எறியச் சொன்னது யார்

ஹால்வர்சன் தன் காரின் பின்பெட்டியைத் திறந்து அந்தப் பந்தை எடுத்தபோது மகேந்திரராஜா மரநிழலில் விரித்த பாயில் உட்கார்ந்து இரண்டாம் தடவையாகத் தயிர்சாதம் வாங்கிக்கொண்டிருந்தான். டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. அவுஸ்திரேலியாவில், பரமட்டா பூங்காவில் கம்பனியின் வருடாந்தப் பிக்னிக். சற்றுத் தள்ளி இரும்புத் தட்டில் ஆட்டிறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. காற்றுத் திரும்பும்போதெல்லாம் அந்தப் புகை பாய்ப்பக்கம் வந்தது. பார்த்தசாரதியின் மனைவி விஜயா முந்தானையால் மூக்கை மூடுவாள். யாராவது பார்த்தால் தப்பாக நினைப்பார்களோ என்று உடனே எடுத்துவிடுவாள். அவள் படும் பாட்டைப் பார்த்து மகேந்திரராஜாவின் மனைவி ரஞ்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்கர்களுக்குச் சொந்தமான, தண்ணீர்ப் பம்புகள் செய்யும் கம்பனி அது. அத்தனை பேரில் தமிழர் இரண்டு பேர்தான். மகேந்திரராஜா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். வரைபடப் பிரிவில் எஞ்சினியர். வயது முப்பத்தைந்தைத் தொடவில்லை. பார்த்தசாரதி திருச்சிக்காரர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர். செய்து முடித்த பம்புகளை ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. நார்த்மீட்டில் இவனுக்கு வீடு, பென்டில் ஹில்லில் அவருக்கு. கோவிலோ தமிழ்க் கடையோ இல்லாத அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், வேறு யாருடனும் பேச முடியாத பாஷையில் சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஹால்வர்சன் தொழிற்சாலை மனேஜர். மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர். கல்லூரி நாட்களில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர், அதுவும் குவார்ட்டர்பேக். அணி முழுவதும் வட்டமாகக் குனிந்து நிற்க, அடுத்து யார் எங்கே ஓடவேண்டும், பந்து யாருக்குப் போகும் என்று சொல்கிறவன் அவன். சொன்ன பிறகு பந்தை வாங்கி எறிகிறவனும் அவன்தான். இதையெல்லாம் ஹால்வர்சன் அவுஸ்திரேலியர்களுக்குச் சொல்லப் போனால், தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடுவதும் ஒரு ஆட்டமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். மகேந்திரராஜா சிரிக்கவில்லை. முதலில் மரியாதைக்காகக் கேட்டான். பிறகு சோதனைக்குப் படிக்கிறவன்போல விதிகளைக் கற்றுக்கொண்டான். திங்கட்கிழமைகளில் ஹால்வர்சன் கோப்பியோடு வரைபடப் பிரிவுக்கு வந்து கரும்பலகையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டு விளக்குவார். அவருக்கு ஒரு குறை உண்டு. இப்போதெல்லாம் பயிற்சியாளர்கள் வெளியில் நின்றே எல்லாவற்றையும் தீர்மானித்து ஆள்விட்டுச் சொல்லி அனுப்புகிறார்களாம். குவார்ட்டர்பேக் வெறும் தபால்காரன் ஆகிவிட்டானாம். "எங்கள் காலத்தில் நாங்களே சொன்னோம். வெளியிலிருந்து எவன் என்ன சொல்லி அனுப்பினாலும், களத்தில் நிற்கிறவன் பிடிக்காவிட்டால் மாற்றலாம். கடைசி வார்த்தை அவனுடையது" என்பார். வரைபடப் பிரிவின் தலைவர் மார்ச் மாதம் ஓய்வு பெறப்போகிறார் என்பது மகேந்திரராஜாவுக்குத் தெரியும். அந்தக் கதிரை காலியாகப்போகிறது என்ற நினைவோடுதான் அவன் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பூங்காவில் ஹால்வர்சன் ஆட்களைப் பிரித்தார். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடியபோது எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து விக்கெட்டை விழுத்திய கதையை எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தபடியால், மகேந்திரராஜா ஒரு பக்கத்துக்குக் குவார்ட்டர்பேக் ஆனான். ஹால்வர்சனுக்கு முழங்கால் சரியில்லை. வெளியில் நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இது தொட்டு விளையாடும் ஆட்டம்தான், யாரையும் விழுத்தக்கூடாது, இரண்டு கையாலும் தொட்டால் போதும் என்று எல்லோருக்கும் உரக்கச் சொன்னார். பிறகு எண்ணிப் பார்த்தார். மகேந்திரராஜாவின் பக்கத்தில் ஒரு ஆள் குறைந்தது. அவர் கண் பாய்ப்பக்கம் வந்தது.

பார்த்தசாரதி எழுந்து நின்றார். வேட்டி கட்டிப் பழகியவர்களைப்போலக் காற்சட்டையை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக்கொண்டு, மகேந்திரராஜாவைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் ஆட நின்றவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி அவருடைய வலது கண்ணின் விழித்திரை பிரிந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. காரில் கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் மகேந்திரராஜாதான். கம்பனிக்குக் குடலிறக்கம் என்று சொல்லியாயிற்று. முள்ளைப் பார்த்துச் சொல்கிற வேலையில் இருப்பவனுக்குக் கண் பழுது என்று தெரிந்தால் அந்த வேலையில் விட்டுவைப்பார்களா என்ற பயம் அவருக்கு. பாரம் தூக்கக்கூடாது, குதிக்கக்கூடாது, தலையில் அடி படவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது மகேந்திரராஜா பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

"சாரதி, நீங்கள் சும்மா அந்த ஓரத்தில நில்லுங்கோ. நான் உங்களுக்கு எறியமாட்டன்" என்றான் பாயருகே வந்து, தாழ்ந்த குரலில்.

"பார்த்துக்குங்க மகேன். இந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டுல எல்லாரும் இருக்கோம்" என்றார் பார்த்தசாரதி. சொல்லிவிட்டு, மறுக்கத் தெரியாத மனிதரின் சிரிப்போடு ஹால்வர்சனைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் கொஞ்ச நேரம் ஆட்டம் நன்றாகவே போனது. முட்டை வடிவப் பந்தின் தையலில் விரல்களைப் பதித்து எறியக் கரும்பலகைப் பாடம் உதவவில்லை. கைதான் தானாகக் கற்றுக்கொண்டது. சரியாக விட்டால் அது அம்புபோலச் சுழன்றுகொண்டு போகும். வட்டமாகக் குனிந்து நின்று, கிரேக்கர், இத்தாலியர், அவுஸ்திரேலியர் என்று எட்டுப் பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது மகேந்திரராஜாவுக்குப் புதிதாக இருந்தது. இந்த நாட்டில் அவன் எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அங்கே ஒரு தடவை போதுமாக இருந்தது. அவன் சொன்ன இடத்துக்கு அவர்கள் ஓடினார்கள்.

ஆனால் ஹால்வர்சனால் சும்மா நிற்க முடியவில்லை. பண்டகசாலை கெவினை வெளியே கூப்பிட்டு, காதில் ஏதோ சொல்லி, திரும்ப உள்ளே அனுப்பத் தொடங்கினார். இடதுபக்கம் எறி. குறுகலாக எறி. மகேந்திரராஜா ஒவ்வொன்றையும் அப்படியே செய்தான். செய்து முடித்ததும் ஒருமுறை வெளியே பார்ப்பான். ஹால்வர்சன் கட்டைவிரலை உயர்த்துவார்.

வெயில் சாயத் தொடங்கியபோது கெவின் மறுபடியும் ஓடி வந்தான்.

"இந்தியரை யாரும் கவனிக்கவில்லையாம். அவருக்கு நீளமாக எறியட்டாம்."

எல்லோரும் குனிந்து நின்றார்கள். பார்த்தசாரதி வட்டத்தின் மறுபக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கெவின் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஒரு சொல் போதும். வேண்டாம், நான் வேறு பக்கம் எறியப்போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஹால்வர்சனே சொல்லிக்கொடுத்த விதி அது. மகேந்திரராஜா ஓரத்தைப் பார்த்தான். உண்மைதான், அந்தப் பக்கம் ஆளே இல்லை. பெரிய யூக்கலிப்டஸ் மரம்வரை பச்சைப்புல் வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவு தூரத்துக்கு அவன் அதுவரை எறியவில்லை. எறிய முடியும் என்று தோளுக்குத் தெரிந்திருந்தது.

"சாரதி, அந்த மரத்தை நோக்கி நேரே ஓடுங்கோ. நிழலுக்குக் கிட்டப் போனதும் திரும்பிப் பாருங்கோ" என்றான்.

பார்த்தசாரதி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

பந்து கையைவிட்டுப் போனபோதே அது நல்ல எறி என்று மகேந்திரராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அது உயர்ந்து, ஆடாமல் சுழன்று, மரத்தின் நிழல் தொடங்கும் இடத்தில் இறங்கியது. பார்த்தசாரதி திரும்பினார், இரண்டு கையையும் குழந்தையை வாங்குவதுபோல நீட்டினார், பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். மைதானம் முழுவதும் ஆரவாரம் எழுந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை மகேந்திரராஜா அதற்குமுன் கண்டதில்லை. பந்தைப் பிடித்தால் அடுத்து ஓடவேண்டும் என்பதையே அவர் மறந்துபோனார். எதிர்ப்பக்கத்தில் ரக்பி ஆடி வளர்ந்த ஒரு வெல்டர், தொட்டால் போதும் என்பதை அவனும் மறந்து, ஓடிவந்த வேகத்தில் இடுப்போடு அவரைச் சேர்த்துப் பிடித்து விழுத்தினான்.

பார்த்தசாரதி எழுந்துவிட்டார். பந்து இன்னும் கையில் இருந்தது. கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. வெல்டர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவர் முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டினான். ஹால்வர்சன் நொண்டிக்கொண்டே ஓடிவந்து கைகொடுத்தார். பாயிலிருந்து எழுந்து வந்த விஜயா பாதி வழியில், இத்தனை ஆண்களுக்கு நடுவில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார் பார்த்தசாரதி, அவள் பக்கம் கையை ஆட்டி.

அவர்களை வீட்டில் விடப் போகும்போது காரின் முன்பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு பிடியைப் பற்றியே அவர் பேசிக்கொண்டு வந்தார். மகேந்திரராஜா கண்ணைப் பற்றி ஒரு தடவை கேட்டான். கொஞ்சம் மின்னுகிறது, தூசியாக இருக்கும் என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் வலதுபக்கமாக ஒரு கறுப்புத் திரை இறங்கிக்கொண்டு வருகிறது என்று விஜயா ரெலிபோனில் அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் மகேந்திரராஜாவை பணியாளர் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். கார்மடி என்ற வயதான மனிதர், நல்லவர்தான், மேசைக்குப் பின்னால் இருந்தார். ஹால்வர்சன் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கார்மடி சுற்றி வளைக்காமல் கேட்டார். அந்த ஆட்டத்தைக் கம்பனி நடத்தியதா, அல்லது ஆட்கள் தாங்களாகச் சேர்ந்து ஆடினார்களா? கம்பனி நடத்தியது என்றால் பார்த்தசாரதி குணமாகும்வரை கம்பனி பொறுப்பு. இல்லையென்றால் அவருக்கு மிஞ்சியிருக்கும் சுகவீன லீவு மட்டும்தான். மனேஜர் ஏதாவது சொல்லி அனுப்பியதாக யாரோ சொல்கிறார்களே, அது சரியா?

மகேந்திரராஜா ஜன்னலைப் பார்த்தான். ஹால்வர்சன் திரும்பவில்லை.

"என் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்தான் சொல்வான். கடைசி வார்த்தை அவனுடையது" என்றார், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தே.

அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதுதான் மகேந்திரராஜாவைப் பிறகு அரித்தது. அந்த மனிதர் அவனிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவில்லை.

"நான்தான் சொன்னேன். நாங்கள் சும்மா எங்களுக்குள் ஆடினோம்" என்றான் மகேந்திரராஜா. தன் ஆங்கிலம் வழமையைவிடத் தெளிவாக வருவதைத் தானே கேட்டான்.

"அவருக்கு முன்பு கண்ணில் ஏதாவது கோளாறு இருந்ததா? நீங்கள் நண்பர்."

"எனக்குத் தெரிய இல்லை."

அறையைவிட்டு வெளியே வரும்போது ஹால்வர்சன் கூடவே வந்து, நடைவழியில் அவன் தோளில் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார். அந்தக் கையை எடுத்த பிறகும் அந்த இடத்தில் சூடு இருந்தது. காது மடல்வரை ஏறியது. மகேந்திரராஜா கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தான். கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண் விஷயத்தை மறைத்தது சாரதிக்காகத்தானே என்று சொல்லிப் பார்த்தான். அது உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன நேரத்தில் சாரதியின் நினைவே வரவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரஞ்சினி கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அவருக்கு எறியமாட்டன் எண்டு சொன்னனீங்கள் எல்லே? பாயில இருந்து நானும் விஜயாவும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனாங்கள்."

"ஹால்வர்சன்தான் கெவினிட்டச் சொல்லி அனுப்பினவர்."

"அப்ப அதை அவையளுக்குச் சொன்னனீங்களோ?"

அவன் மேசைவிரிப்பில் இருந்த ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தான். ரஞ்சினி கோப்பைகளை அடுக்கி எடுத்தாள். பிறகு குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கோப்பை கழுவும் சத்தம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக அவனுக்கு இன்னும் ஒரு வாரம் எடுத்தது. வேலை என்றான், கார் பழுது என்றான். கடைசியில் ஒரு மத்தியானம் ரயிலேறிப் போனான். பார்த்தசாரதி மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கண்ணும் கட்டியிருந்தது. தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்திருந்தார்கள். சவரம் செய்யாத முகத்தில் நரைமயிர் முளைத்திருந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லாமல் அவரை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"யாரு?"

"நான்தான். மகேன்."

"வாங்க வாங்க. நாற்காலி இருக்கும், பாருங்க." கையை நீட்டித் துழாவினார். மகேந்திரராஜா அந்தக் கையைப் பிடித்தான். அவர் விடவில்லை. பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர்கள் வாக்குக் கொடுக்கவில்லை, கட்டவிழ்த்தால்தான் தெரியும் என்று, இன்னொருவருக்கு நேர்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஹால்வர்சன் வந்திருந்தார், தெரியுமா? ஒரு கூடை பழம். அவர்தான் சொன்னார். நீங்களாத்தான் முடிவு பண்ணி எனக்குப் போட்டீங்களாமே."

மகேந்திரராஜா மற்றக் கையால் கதிரையைக் கிட்ட இழுத்து உட்கார்ந்தான்.

"நான் இத்தனை நாளா வேற மாதிரி நினைச்சிட்டிருந்தேன். அவர் சொல்லி அனுப்பியிருப்பார், நீங்க மாட்டேன்னு சொல்ல முடியாம போட்டுட்டீங்கன்னு. உங்க மேல கோபம்கூட இருந்தது, மறைப்பானேன். அவன் சொன்னான்னு என்னைத் தூக்கிக் கொடுத்துட்டாரேன்னு. விஜயாகிட்டகூடச் சொன்னேன்." கையை ஒரு தடவை அழுத்தினார். "நீங்களாப் போட்டதுன்னா அது வேற விஷயம். இவனால பிடிக்க முடியும்னு உங்களுக்குத் தோணியிருக்கு, இல்லையா? அத்தனை ஆம்பளைங்க நிக்கறப்ப. ஸ்கூல்லகூட என்னை ஒருத்தரும் டீம்ல சேர்த்தது கிடையாது, மகேன்."

உண்மையைச் சொல்வதற்காகத்தான் மகேந்திரராஜா ரயிலேறி வந்திருந்தான். ரெட்ஃபேர்ன் நிலையம்வரை வசனங்களை அடுக்கிக்கொண்டே வந்தான். இப்போது அதைச் சொன்னால் இந்த மனிதரிடமிருந்து கண்ணோடு சேர்த்து இன்னொன்றையும் பிடுங்கவேண்டும். சொல்லாவிட்டால் அவர் நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. கெவின் சொன்னதைக் கேட்டு ஓரத்தைப் பார்த்தானே, அந்த வெறும் புல்லைப் பார்த்த கணத்தில் அவனுக்கு ஹால்வர்சனும் இல்லை, மார்ச் மாதமும் இல்லை. எறியவேண்டும் என்று கை துடித்தது, அவ்வளவுதான். கார்மடியிடம் பொய்யென்று நினைத்துச் சொன்னது பொய்தானா என்று அவனுக்கே இப்போது நிச்சயமில்லை.

"நான் சரியாப் பிடிச்சேன் இல்ல?"

"ஓம். நல்ல வடிவாப் பிடிச்சனீங்கள்" என்றான் மகேந்திரராஜா.

கட்டுக்குக் கீழே பார்த்தசாரதியின் வாய் மெல்ல விரிந்தது.

தாதி ஒரு தட்டைக் கொண்டுவந்து கட்டிலோரத்தில் வைத்துவிட்டு, நீங்கள் ஊட்டிவிடுவீர்கள்தானே என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் நிறத்தில் சூப். விஜயா வழக்கமாக ரசஞ்சாதம் கொண்டுவருவாளாம், இன்றைக்கு ரயில் பிந்திவிட்டதுபோல என்றார் பார்த்தசாரதி. மகேந்திரராஜா கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி அள்ளினான். அவர் வாயைத் திறக்கப்போனவர் நிறுத்தினார்.

"இதுல மாமிசம் ஒண்ணும் இல்லையே? நேத்து ஒரு வாய் வெச்சப்புறம் சந்தேகமாப் போய்த் துப்பிட்டேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க, போதும்."

சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்து காத்திருந்தார்.

மகேந்திரராஜா கரண்டியைக் கிண்ணத்துக்குள் திரும்ப வைத்தான். பூசணிக்காயாக இருக்கலாம். அடியில் எதைப் போட்டுக் காய்ச்சினார்கள் என்று யாருக்குத் தெரியும்? "கொஞ்சம் பொறுங்கோ சாரதி, கேட்டுப்போட்டு வாறன்" என்று எழுந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

நடைவழி நீளமாக இருந்தது. தாதியர் மேசையில் யாரும் இல்லை. பக்கத்து வார்டுகளை எட்டிப் பார்த்தான். திரைச்சீலைகளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சூப் ஆறி, மேலே மெல்லிய ஆடை படியத் தொடங்கியது. அவன் நடக்க அது சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அப்போது நடைவழிக் கோடியில் லிஃப்ட் திறந்து விஜயா வெளியே வந்தாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, தோளில் பை, வேர்த்த முகம். இரண்டு பக்கமும் பார்த்தவள் அவனைக் கண்டதும் நின்றாள். பிறகு தூக்குச்சட்டியை மற்றக் கைக்கு மாற்றி, கையை உயர்த்திக் காட்டிவிட்டு வேகமாக நடந்து வரத் தொடங்கினாள். கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. பதிலுக்குக் கையைத் தூக்க முடியாமல் மகேந்திரராஜா அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.